கொதிநீரிலும் கெடாத புரதம்

(இளம் அறிவியல் மூன்றாம் ஆண்டு, தாவரவியல்)

பாலைக் காய்ச்சி இறக்கியவுடன் யாரும் அதில் உறைமோரை ஊற்றுவதில்லை. விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறட்டும் என்று காத்திருப்பார்கள். அவசரப்பட்டுச் சுடச்சுட ஊற்றிவிட்டால் மறுநாள் காலையில் தயிர் தோயாது. காரணம் கேட்டால், "சூட்டில் உறை செத்துப் போகும்" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். நுண்ணுயிரியல் பாடநூலைத் தொடாதவர்கள் கூறும் இந்தச் சிறு வாக்கியத்தில் அந்த இயலின் அடிப்படை உண்மை ஒன்று அடங்கியுள்ளது. பெரும்பான்மையான நுண்ணுயிர்களுக்கு வெப்பம் பகை.

ஆயினும் எல்லா நுண்ணுயிர்களுக்கும் அன்று. நாம் கை வைத்தால் வெந்துபோகும் நீரில் பிறந்து, பெருகி, சுகமாக வாழும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவற்றை வெப்பவிரும்பிகள் என்கிறோம். அவற்றின் உடலிலுள்ள புரதங்கள் இன்று மருத்துவமனை, ஆலை, ஆய்வுக்கூடம் ஆகிய மூன்று இடங்களிலும் வேலை செய்கின்றன. அவை எவ்வாறு கண்டறியப்பட்டன, மரபணுப் பொறியியலால் எவ்வாறு பெருக்கப்படுகின்றன, நம் திண்டுக்கல் வட்டாரத்துக்கு அவற்றால் என்ன பயன், எங்கே பயனில்லை என்பனவற்றை இக்கட்டுரையில் என்னால் இயன்ற அளவு விளக்க முயல்கிறேன்.

வெப்பமும் புரதமும்

புரதம் என்பது அமினோ அமிலங்கள் மணி கோத்தாற்போல் வரிசையாக இணைந்த ஒரு சங்கிலி. இருபது வகை அமினோ அமிலங்களே பெரும்பாலும் எல்லாப் புரதங்களையும் ஆக்குகின்றன. சங்கிலி நீண்டு கிடந்தால் பயனில்லை. அது குறிப்பிட்ட முறையில் மடிந்து சுருண்டு ஒரு வடிவம் பெற்றால்தான் வேலை செய்யும். உயிர்களின் உடலில் வேதி வினைகளை விரைவுபடுத்தும் நொதிகளும் இத்தகைய புரதங்களே. பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊரில் வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாவியின் பற்கள் வளைந்துவிட்டால், இரும்பு அதே இரும்பாயினும் பூட்டு திறக்காது.

வெப்பம் செய்வது இதைத்தான். வெப்பம் ஏற ஏறச் சங்கிலியின் ஆட்டம் மிகுகிறது, மடிப்பைப் பிடித்து நிறுத்தும் மெல்லிய பிணைப்புகள் அறுகின்றன, சுருள் அவிழ்கிறது. அவிழ்ந்த சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கித் திரண்டுவிடுகின்றன. முட்டையின் வெண்கரு அடுப்பில் வெளுத்து இறுகுவது இதனால்தான். வெந்த முட்டையை ஆறவைத்தால் அது மீண்டும் பச்சை முட்டையாவதில்லை.

இதை நேரில் காண எண்ணி எங்கள் துறை ஆய்வகத்தில் ஒரு எளிய சோதனை செய்தேன். கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, துணியில் கட்டி முளைக்கட்டி, அரைத்து, நீர் விட்டு வடித்துக்கொண்டேன. முளைகட்டிய தானியத்தில் மாவுச்சத்தைச் சிதைக்கும் அமிலேஸ் என்னும் நொதி நிறைய உண்டு. மாவுச்சத்து இருந்தால் அயோடின் கரைசல் நீலநிறம் காட்டும். மாவுச்சத்து சிதைந்துவிட்டால் நீலம் தோன்றாது. 50 டிகிரி சென்டிகிரேடு நீரில் வைத்த குழாயில் அரை மணி நேரத்தில் நீலம் தோன்றவில்லை. நொதி தன் வேலையை முடித்திருந்தது. அடுத்து, கொதிநீரில் நின்ற மாவுச்சத்துக் கரைசலில் முளைச்சாற்றை ஊற்றி, சிறிது நேரங் கழித்து, அங்கேயே அயோடின் விட்டேன். அதிலும் நீலம் இல்லை!

கேழ்வரகின் நொதி கொதிநீரிலும் வேலை செய்கிறது என்று மகிழ்ந்து, குழாயைத் தூக்கிக்கொண்டு பேராசிரியை அம்மையாரிடம் ஓடினேன். அவர்கள் குழாயைப் பார்க்கவே இல்லை. "சாறு ஊற்றாத குழாயில் என்ன நிறம்?" என்று மட்டும் கேட்டார்கள். திரும்பிப் போய்ப் பார்த்தேன். வெறும் மாவுச்சத்தும் அயோடினும் மட்டுமே இருந்த அந்தக் குழாயும், கொதிக்கும் நிலையில் நிறமற்றே இருந்தது. இரண்டு குழாய்களையும் குளிர்ந்த நீரில் வைத்தேன். இரண்டிலும் நீலம் திரும்பியது. சூட்டில் மாவுச்சத்து அயோடினைப் பிடித்து வைப்பதில்லை, ஆறினால்தான் பிடிக்கும். கொதிநீரில் என் நொதி வெந்து செத்திருந்தது. ஒப்பீட்டுக் குழாய் இல்லாத சோதனை சோதனையே அன்று என்ற பாடத்தை அன்று கற்றேன்.

ஆகவே நம் கேழ்வரகு முளையால் இயலாதது இது. இயன்ற உயிர் எங்கே இருக்கிறது?

வெந்நீர் ஊற்றில் கண்டது

அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் பூமியிலிருந்து கொதிநீர் பொங்கும் ஊற்றுகள் பல உண்டு. இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் பிராக், தம் மாணவர் ஹட்சன் ஃபிரீஸ் என்பவருடன் 1966-ல் அங்கு எடுத்த மாதிரியிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். 1969-ல் அதற்குத் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்று பெயரிட்டு வெளியிட்டனர். அது 70 டிகிரி சென்டிகிரேடு அளவில் செழித்து வளர்ந்தது.

இதில் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அதற்கு முன்பும் அறிஞர் பலர் வெப்பவிரும்பிகளைத் தேடியிருந்தனர். ஆனால் அவர்கள் வழக்கமாக 55 டிகிரியில் வளர்த்தனர். அந்த வெப்பத்தில் வேறு பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டு வளர்ந்துவிடும். பிராக்கும் அவர் மாணவரும் 70 டிகிரிக்கு மேல் வைத்துப் பார்த்தனர். புதிய உயிர் கிடைத்தது. பிறகு பார்த்தால், பல்கலைக்கழக வளாகத்தின் வெந்நீர்க் குழாயில்கூட அதன் இனம் இருந்தது! மாணவர் ஒருவரின் பெயரும் இக்கண்டுபிடிப்பில் உள்ளது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

1976-ல் இந்தப் பாக்டீரியாவிலிருந்து டி.என்.ஏ.யைப் படியெடுக்கும் நொதி பிரித்தெடுக்கப்பட்டது. டாக் பாலிமரேஸ் என்பது அதன் பெயர். சில ஆண்டுகள் அது பெரிதும் கவனிக்கப்படவில்லை. 1983-ல் கேரி முல்லிஸ் என்பவர், டி.என்.ஏ.யின் ஒரு சிறு பகுதியைக் கோடிக்கணக்கில் பெருக்கும் பி.சி.ஆர். முறையைச் சிந்தித்தார். இம்முறையில் கரைசலை ஏறத்தாழ 95 டிகிரிக்குச் சூடாக்கி இரட்டை இழையைப் பிரிக்க வேண்டும். பின்னர் 50 முதல் 60 டிகிரி வரை குளிர்வித்துத் தொடக்கத் துண்டுகளை ஒட்டவைக்க வேண்டும். பிறகு நொதி படியெடுக்க வேண்டும். இதுவே ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் எண்ணிக்கை இரட்டிப்பதால், 30 சுற்றுகளில் ஒரு மூலக்கூறு கணக்குப்படி 107 கோடி ஆகிவிடும்.

தொடக்கத்தில் இதற்கு ஈ. கோலை என்னும் குடல் பாக்டீரியாவின் நொதியைப் பயன்படுத்தினர். அது 95 டிகிரியில் செத்துவிடும். எனவே ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக நொதி ஊற்ற வேண்டியிருந்தது. டாக் பாலிமரேஸ் வந்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது. 95 டிகிரியில் அது பாதி வலிமை இழக்க ஏறத்தாழ 40 நிமிடம் ஆகும்; 72 டிகிரியிலோ விரைந்து வேலை செய்யும். ஒரு முறை ஊற்றினால் போதும். மற்றதைப் பொறி பார்த்துக்கொள்ளும். 1993-ல் முல்லிசுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2020-ல் கொரோனாத் தொற்றின்போது மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்தார்களே, அந்தச் சோதனையும் பி.சி.ஆர். வகையைச் சேர்ந்ததே. வெந்நீர் ஊற்றில் கிடைத்த உயிரின் நொதி, இவ்வாறு நம் வீட்டு வாசல் வரை வந்தது.

நம் நாட்டு ஊற்றுகள்

இந்தியாவிலும் வெந்நீர் ஊற்றுகள் பல உள்ளன. இமாசலப் பிரதேசத்தில் பார்வதி ஆற்றங்கரையிலுள்ள மணிகரண் அவற்றுள் புகழ்பெற்றது. அங்குள்ள குருத்துவாராவில் அரிசியையும் பருப்பையும் ஊற்று நீரிலேயே வேகவைத்து யாத்திரிகருக்கு உணவளிக்கிறார்கள் என்றால் அந்நீரின் வெப்பத்தை உணரலாம். சோறு வேகும் அந்த ஊற்றிலும் உயிர் இருக்கிறது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் ரூப் லால் அவர்களின் ஆய்வுக் குழுவினர் அங்கிருந்து ஒரு தெர்மஸ் பாக்டீரியாவைப் பிரித்து, அதன் மரபுத்தொகுதி முழுவதையும் படித்து, தெர்மஸ் பார்வதியென்சிஸ் என்று 2015-ல் பெயரிட்டு வெளியிட்டனர். ஆற்றின் பெயர் அதில் நின்றுவிட்டது.

ஏன் கெடுவதில்லை?

வெப்பவிரும்பியின் புரதத்தில் புதுமையான அமினோ அமிலம் ஏதுமில்லை. அதே இருபதுதான். வேறுபாடு கட்டுமானத்தில் உள்ளது. சிலந்திவலை போல் அது பல இடங்களில் இறுகப் பிணைக்கப்பட்டிருக்கிறது. எதிர் மின்னூட்டங்கொண்ட அமினோ அமிலங்கள் ஒன்றையொன்று ஈர்த்துப் பிடிக்கும் இணைப்புகள் அதில் மிகுதி. நீரை வெறுக்கும் பகுதிகள் உட்புறத்தில் இடைவெளியின்றி நெருங்கியிருக்கும். தொளதொளவென்று வெளியே நீளும் வளையங்கள் குறைவு. வெப்பத்தில் எளிதில் சிதையும் அமினோ அமிலங்கள் சிலவும் குறைவாகவே இருக்கும். ஒவ்வொன்றும் சிறு மாற்றமே. கூடி நிற்கும்போது அவை கொதிநீரைத் தாங்குகின்றன.

இந்த இறுக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு. நொதி வேலை செய்வதற்குச் சிறிது அசைய வேண்டும். 75 டிகிரிக்கென்று அமைந்த நொதி 30 டிகிரியில் விறைத்து நிற்கும். சாகாது, ஆனால் வேலை மந்தமாகும். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இது தேவைப்படும்.

மரபணுவை இடம் மாற்றுதல்

வெப்பவிரும்பியை நேரடியாக வளர்த்து நொதி எடுப்பதில் சிக்கல்கள் உண்டு. அது தரும் நொதியின் அளவு மிகக் குறைவு. 70 டிகிரியில் அகார் தட்டுகள் விரைவில் காய்ந்துவிடும். ஆகவே அறிஞர்கள் வேறு வழி கண்டனர். நொதிக்குரிய மரபணுவை மட்டும் வெட்டியெடுத்து, பிளாஸ்மிட் என்னும் வளைய டி.என்.ஏ.யில் ஒட்டி, ஈ. கோலைக்குள் செலுத்தினர். ஈ. கோலை 37 டிகிரியில் விரைந்து பெருகும். மலிவான உணவில் வளரும். அதற்குள் போன மரபணு, வெப்பவிரும்பியின் புரதத்தை அப்படியே செய்து கொடுக்கிறது. டாக் பாலிமரேசின் மரபணு இவ்வாறு ஈ. கோலையில் செயல்பட்டது பற்றிய செய்தி 1989-ல் வெளியாயிற்று.

இங்கே ஒரு அழகான உத்தி உள்ளது. ஈ. கோலையை உடைத்தால் அதன் ஆயிரக்கணக்கான புரதங்களுக்கிடையே நமக்கு வேண்டிய ஒன்று கலந்து கிடக்கும். அதைத் தனியே பிரிப்பது பெருஞ்செலவான வேலை. ஆனால் இங்கே கரைசலை 75 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். ஈ. கோலையின் சொந்தப் புரதங்கள் வெண்கருபோல் திரண்டு அடியில் படிந்துவிடும். வெப்பவிரும்பியின் நொதி மட்டும் கரைந்த நிலையில் மேலே நிற்கும். சுழற்றி மேல்நீரை எடுத்தால் பெரும்பகுதித் தூய்மை முடிந்தது. உமியையும் அரிசியையும் காற்று பிரிப்பதுபோல், இங்கு வெப்பம் பிரித்துத் தருகிறது.

வெப்பத்தையே தேர்வாளராக்குதல்

இதற்கு நேர்மாறான வழியும் உண்டு. சாதாரண உயிரின் மரபணுவை வெப்பவிரும்பிக்குள் புகுத்தி, அந்தப் புரதத்தை வெப்பம் தாங்கப் பழக்குவது. 1986-ல் லியாவோ, மெக்கென்சி, ஹேகமன் என்ற மூவர் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சிறந்த சான்று.

கனமைசின் என்னும் மருந்தைச் செயலிழக்கச் செய்யும் நொதி ஒன்று நம் உடற்சூட்டில் வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவில் உண்டு. அதன் மரபணுவை வெப்பவிரும்பியான பேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவில் புகுத்தினர். பிறகு கனமைசின் கலந்த உணவில் வளர்த்தனர். 55 டிகிரி வரை அது வளர்ந்தது. அதற்கு மேல் பாக்டீரியாவால் வெப்பத்தைத் தாங்க முடிந்தது. ஆனால் வந்தேறிய நொதியால் முடியவில்லை. நொதி செத்தது, மருந்து பாக்டீரியாவைக் கொன்றது. எனினும் 63 டிகிரியில் வைத்தபோது, கோடிக்கணக்கானவற்றுள் மிகச் சில பிழைத்தன. அவற்றின் நொதியை ஆராய்ந்தபோது, 80-ஆம் இடத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறியிருந்தது. அடுத்து 70 டிகிரிக்கு உயர்த்தினர். மீண்டும் சில பிழைத்தன. 130-ஆம் இடத்திலும் ஒன்று மாறியிருந்தது. 250-க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களில் இரண்டே மாற்றம். நொதியின் தாங்குதிறன் பெரிதும் கூடியது.

எந்த இடத்தை மாற்ற வேண்டும் என்று அவர்கள் முன்கூட்டி அறிந்திருக்கவில்லை. அடுப்பின் சூட்டைக் கூட்டினார்கள். இயற்கை விடையைச் சொல்லியது. எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடித்ததற்கு அதுவே காரணம்.

நம் வட்டாரத்தில் பயன்

சின்னாளப்பட்டியில் தறிக்குப் போகும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதை நாம் அறிவோம். கஞ்சி இன்றேல் நெய்யும்போது நூல் அறுந்துவிடும். நெய்து முடிந்தபின் அந்தக் கஞ்சி நீங்கினால்தான் துணியில் சாயம் சீராக ஏறும். பெரிய ஆலைகளிலும் இதே நிலைதான். அமிலத்தால் கஞ்சியை நீக்கினால் பருத்தி இழையும் பழுதாகும். அமிலேஸ் நொதியோ மாவுச்சத்தை மட்டுமே தொடும். பருத்தியின் செல்லுலோசைத் தொடாது. துணி நிற்காமல் ஓடும் ஆலையில் சூடு அதிகம், நேரம் குறைவு. அங்கே கேழ்வரகு அமிலேஸ் உதவாது. பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் என்னும் பாக்டீரியாவின் அமிலேஸ் 100 டிகிரியை ஒட்டியும் வேலை செய்யும். இந்தப் பாக்டீரியா தான் வெந்நீரில் வாழ்வதில்லை. ஆனால் அதன் நொதி வெப்பத்தைத் தாங்குகிறது.

மாவுச்சத்திலிருந்து குளுக்கோஸ் பாகு செய்யும் ஆலைகளுக்கும் இதே நொதி தேவை. மரவள்ளி மாவோ மக்காச்சோள மாவோ, முதலில் ஏறத்தாழ 105 டிகிரியில் கூழாக்கப்படுகிறது. அந்தச் சூட்டிலேயே அதை இளக்கும் நொதி வேண்டும். இல்லையேல் கூழ் குழாயில் இறுகிவிடும். கோழித்தீவன ஆலைகளிலும் ஒரு பயன் உண்டு. தானியத்திலுள்ள பாஸ்பரஸ் பெரும்பகுதி கோழிக்குச் செரிக்காத வடிவில் உள்ளது. அதை விடுவிக்கும் ஃபைட்டேஸ் என்ற நொதியைத் தீவனத்தில் சேர்க்கிறார்கள். தீவனத்தை நீராவியில் குருணையாக்கும்போது 70 முதல் 90 டிகிரி வரை சூடு ஏறும். அதைத் தாங்கும் நொதியே கோழியின் வயிறு வரை போய்ச்சேரும்.

தோல் ஷாப்பும் என் எண்ணமும்

இந்த ஆய்வில் நான் இறங்கியதற்கு உண்மையான காரணம் துணியும் அன்று, தீவனமும் அன்று. என் தாத்தா திண்டுக்கல்லில் தோல் ஷாப்பில் வேலை பார்த்தவர். சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் கலந்த குழியில் தோலை ஊறவைத்து, முடியை நீக்குவது அவருடைய வேலை. அவருடைய கைகளைப் பார்த்தவர்கள் அந்தக் குழியைப் பார்க்க வேண்டியதில்லை. இத்தொழிலாளரின் வாழ்வைச் சொல்லும் 'தோல்' என்ற நாவலுக்காக, திண்டுக்கல்லில் வாழ்ந்த டி. செல்வராஜ் அவர்களுக்கு 2012-ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. தோல் பதனிடும் கழிவு நீர், நிலத்தையும் கிணறுகளையும் கெடுத்த வரலாறும் நாடறிந்தது. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் அளித்த தீர்ப்பு, அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் பதனிடும் நிலையங்கள் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதித்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றும் அத்தீர்ப்பு கூறியது.

வெப்பவிரும்பியின் நொதிகளைப் பற்றிப் படித்தபோது, இதுதான் தீர்வு என்று முடிவு கட்டிவிட்டேன். சுண்ணாம்புக்குப் பதில் கெடாத நொதி! தாத்தாவிடம் உற்சாகமாகச் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "ஏ தாயி, உன் மருந்து முடியை மட்டுந்தான் திங்குமா? தோலைத் தின்னாம விட்ருமா?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்வி என்னை மீண்டும் நூலகத்துக்கு அனுப்பியது. தோலின் வலு கொலாஜன் என்னும் புரதத்தில் இருக்கிறது. முடியின் வேரைப் பிடித்திருப்பவையும் புரதப் பொருள்களே. புரதத்தைச் சிதைக்கும் நொதி கண்மூடித்தனமாக எல்லாவற்றையும் சிதைத்தால் தோல் வீணாகும். எனவே கொலாஜனைத் தொடாத நொதியைத் தேர்ந்தெடுப்பதே இத்துறையின் முதற்கவலை. நாற்பது ஆண்டு குழியில் நின்ற தாத்தா, ஆய்வாளர்கள் கேட்கும் கேள்வியை எடுத்தவுடனே கேட்டுவிட்டார்.

இரண்டாவது தடையும் உண்டு. பச்சைத் தோலை ஏறத்தாழ 60 டிகிரிக்குச் சூடாக்கினால் கொலாஜன் சுருங்கிவிடும். எனவே முடி நீக்கும் வேலை நம் ஊர்ச் சூட்டிலேயே நடக்க வேண்டும். 75 டிகிரிக்கென்று பிறந்த நொதி அங்கே மந்தமாகிவிடும். அங்கு வேண்டியது வெப்பவிரும்பி அன்று. காரத்தைத் தாங்கி, 30 டிகிரியில் வேலை செய்யும் நொதி. சென்னை அடையாற்றில் 1948-ல் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், நொதியால் முடி நீக்கும் முறைகளை ஆராய்ந்து வந்துள்ளது. நொதி முறையில் முடி கரைந்து கூழாகாமல் முழுதாகக் கிடைக்கும். சல்ஃபைடின் தேவை குறையும். ஆயினும் தோல் கெடாதிருக்க முதலில் போடும் உப்பு, ஊறவைக்கும் நீரில் இறங்குகிறதே, அதை எந்த நொதியும் குறைக்காது. கிணற்று நீர் உப்பானதற்கு நொதியிடம் மருந்தில்லை.

என் எண்ணம் பாதி உடைந்தது. ஆனால் எந்த நொதி எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று பிரித்தறியக் கற்றேன். பாக்டீரியாவின் பெயரைக் காட்டிலும் குழியின் சூட்டை முதலில் அறிய வேண்டும்.

எருக்குழியில் தேடல்

திண்டுக்கல் சமவெளியில் வெந்நீர் ஊற்று இல்லை. ஆனால் வெப்பவிரும்பிகளைத் தேட மணிகரண் வரை போக வேண்டுவதில்லை. சாணமும் சருகும் குவிந்த எருக்குழியின் நடுவில் கை வைத்தவர்களுக்கு அதன் சூடு தெரியும். நுண்ணுயிர்கள் குப்பையைச் சிதைக்கும்போது வெளியாகும் வெப்பம் உள்ளேயே அடைபட்டு, 60 டிகிரிக்கு மேலும் போகும். அத்தகைய சூடான குப்பையில் பேசில்லஸ் இனத்து வெப்பவிரும்பிகள் மட்டுமன்றி, தெர்மஸ் இனமும் வாழ்வதைப் பிற நாட்டு ஆய்வாளர் கண்டுள்ளனர்.

நானும் முயன்றேன். ஊரில் ஒரு எருக்குழியின் நடுவில் வெப்பமானியை இறக்கியபோது 57 டிகிரி காட்டியது. முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, அந்த இடத்து எருவைச் சிறிது எடுத்தேன். குப்பைத் தூசியில் நுரையீரலுக்குத் தீங்கான பூஞ்சை வித்துகள் இருக்கும் என்பதால் இந்தக் காப்பு தேவை. எருவை நீரில் கலக்கி, நீர்க்கச் செய்து, மாவுச்சத்து கலந்த அகார் தட்டில் பூசி, 55 டிகிரியில் வைத்தேன். தட்டு காயாதிருக்க ஈரப்பஞ்சுடன் உறையிலிட்டேன். இரண்டாம் நாள் கூட்டங்கள் முளைத்திருந்தன. பேராசிரியை சொன்னபடி முதலில் ஒவ்வொன்றையும் வேறு தட்டில் படியெடுத்து வைத்துவிட்டு, தட்டு முழுதும் ஆறிய பின்பே அயோடின் ஊற்றினேன். தட்டெங்கும் நீலம், சில கூட்டங்களைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம். அங்கே மாவுச்சத்து சிதைந்திருந்தது. விதைக்காத தட்டிலும் அயோடின் ஊற்றிப் பார்த்தேன். அதில் வட்டம் ஏதுமில்லை. இம்முறை ஒப்பீட்டுத் தட்டை மறக்கவில்லை.

இவை எந்த இனம், இவற்றின் நொதி எத்தனை டிகிரி தாங்கும் என்பன அடுத்து செய்ய வேண்டியவை. ஆய்வகத்தில் அழுத்தக் கொதிகலன் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கவும் ஒரு வெப்பவிரும்பியின் வித்துகளையே பயன்படுத்துகிறார்கள். 121 டிகிரியில் அவை செத்தால் மற்றவை பிழைத்திருக்க வழியில்லை.

பயன் யாருக்கு?

பிராக் தாம் கண்ட பாக்டீரியாவை யாவரும் பெறும்படி அமெரிக்கச் சேமிப்பகத்தில் வைத்தார். அதன் நொதியால் வளர்ந்த பி.சி.ஆர். உரிமையை 1991-ல் ஒரு நிறுவனம் மற்றொரு நிறுவனத்துக்கு 30 கோடி டாலருக்கு விற்றது. ஊற்று இருந்த பூங்காவுக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை. இத்தகைய நிலை நம் நாட்டில் நேராதிருக்க 2002-ல் உயிரியல் பன்மயச் சட்டம் இயற்றப்பட்டது. அதைச் செயற்படுத்தும் தேசிய ஆணையம் சென்னையில் உள்ளது. மரபணு மாற்றிய நுண்ணுயிர்களை நினைத்தபடி வளர்க்கவும் வெளியே விடவும் கூடாது என்பதற்கு 1989-லேயே விதிகள் வகுக்கப்பட்டுள்ளன. மணிகரண் ஊற்றும் நம் ஊர் எருக்குழியும் இச்சட்டங்களின் கண்ணில் ஒன்றே.

தோழர்களே! பெரிய கருவிகள் நம் கல்லூரியில் இல்லை என்று நாம் சோர்ந்துவிட வேண்டாம். ஒரு வெப்பமானி, ஓர் அடைகாப்புப் பெட்டி, சிறிது அயோடின் ஆகியவற்றோடு தொடங்கலாம். 55 டிகிரியில் தேடியவர்களுக்குக் கிடைக்காதது 70 டிகிரியில் தேடியவர்களுக்குக் கிடைத்தது. அந்த வேறுபாடு விலைக்கு வாங்குவதன்று; கேள்வி கேட்பதில் இருக்கிறது.

தட்டில் விழுந்த தெளிந்த வட்டங்களைக் கைப்பேசியில் படமெடுத்துத் தாத்தாவிடம் காட்டினேன். இது துணியின் கஞ்சியை நீக்கும் வகை. தோலுக்கு உதவாது என்று உள்ளதைச் சொன்னேன். சுண்ணாம்பில் தேய்ந்த விரலால் படத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்ப தோலுக்கு உள்ளதையும் தேடு தாயி" என்றார். தேடிக்கொண்டிருக்கிறேன்.